ஒரு டாலர் பாக்கி வச்சா என்ன ஆகும்?

1950-ல் வந்த டைனர்ஸ் கிளப் அட்டையில் கடனை இழுத்துக்கிட்டே போக முடியாது. மாசா மாசம் முழு பில்லையும் கட்டணும்.

1958 செப்டம்பரில் பேங்க் ஆஃப் அமெரிக்கா, கலிஃபோர்னியாவின் ஃப்ரெஸ்னோ ஊர்க்காரர்களுக்கு, அவங்க கேட்காமலே சுமார் 60,000 அட்டைகளைத் தபாலில் அனுப்பியது. முழுசா கட்டினால் வட்டியில்லை. கொஞ்சம் கொஞ்சமா கட்டினால் வருஷத்துக்கு 18% வட்டி.

ப்ரோகிராம் எழுதுற எனக்கு இது ஒரு 'இஃப்' கண்டிஷனாத்தான் தெரியுது. முழுத் தொகையும் கட்டியாச்சா? ஆமான்னா வட்டி பூஜ்யம். ஒரு டாலர் குறைஞ்சாலும் சலுகைக் காலம் போச்சு. பின்னாளில் பல வங்கிகள் இதை எப்படிக் கணக்குப் போட்டாங்க தெரியுமா? 1,000 டாலர் பில்லில் 900 கட்டியவருக்கு மிச்ச 100-க்கு மட்டும் வட்டி இல்லை; பொருள் வாங்கின நாளிலிருந்து பணம் கட்டின நாள் வரை அந்த 900-க்கும் சேர்த்து வட்டி!

2009-ல் ஒபாமா கையெழுத்திட்ட கார்டு சட்டம்தான் இதை மாத்தியது. கெடுவுக்குள் கட்டின 900-க்கு இனி வட்டி போடக்கூடாது. மிச்ச 100-க்கு வட்டி இன்னிக்கும் உண்டு. அடுத்து வாங்குற பொருளுக்கும் பொதுவா முதல் நாளிலிருந்தே வட்டி ஓடும். அதனால பில் வந்தா 'மினிமம் டியூ'வைப் பார்க்காதீங்க, முழுத் தொகையைப் பாருங்க.