தாமிரபரணிக் கரையின் உலைகளும் சூளைகளும்

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் போகும் வழியில், ஏறத்தாழ 24 கிலோமீட்டரில், தாமிரபரணியின் தென்கரையில் இருக்கிறது ஆதிச்சநல்லூர் மேடு. 1876இல் ஜெர்மானியரான ஜாகோர் இங்கே தோண்டினார். கிடைத்தவற்றில் ஒரு பகுதி பெர்லினுக்குப் போயிற்று. 1899 முதல் 1905 வரை தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ விரிவாக அகழ்ந்தார். முதுமக்கள் தாழிகளோடு இரும்பு வாள்களும் ஈட்டிமுனைகளும், வெண்கலக் கிண்ணங்களும் வடிகட்டிகளும், மெல்லிய பொன் நெற்றிப்பட்டங்களும் வெளிவந்தன. மண், இரும்பு, வெண்கலம், பொன் ஆகிய நான்கும் நெருப்பைக் கண்டவை. ஆனால் நான்கையும் நெருப்பு ஒரே விதமாக மாற்றவில்லை.

எளியது மண். வனைந்த பானை வெயிலில் காயும்போது துகள்களுக்கு இடையே தங்கிய ஈரம் மட்டுமே போகிறது. அதைத் தண்ணீரில் போட்டால் மறுபடி சேறாகும். சூளையில் சூடு 500, 600 டிகிரி செல்சியஸை எட்டும்போது களிமண் படிகத்துக்குள்ளேயே பிணைந்திருந்த நீர் ஆவியாகிவிடுகிறது. அதற்குப் பிறகு அது சேறாகத் திரும்புவதில்லை. சூடு இன்னும் ஏறினால் துகள்களின் விளிம்புகள் இளகி ஒன்றோடொன்று ஒட்டும். முழுக்க இளகவிட்டால் பானை குழைந்து சாய்ந்துவிடும். ஆகவே குயவரின் திறமை பானையை உருகவிடாமல் சுடுவதில் இருக்கிறது. இன்றைய காருகுறிச்சிக் குயவர்களின் சூளைக்கும் இதுவே விதி. ஆதிச்சநல்லூரின் கறுப்பு-சிவப்புப் பானைகளில் இன்னொரு நுட்பமும் உண்டு. காற்று பட்ட புறத்தில் மண்ணிலுள்ள இரும்பு ஆக்சிஜனோடு சேர்ந்து சிவந்தது. காற்றுப் புகாத உட்புறத்தில் கரி படிந்து கறுத்தது. மண்ணும் ஒன்று, சூளையும் ஒன்று; நிறத்தைப் பிரித்தது காற்று.

இரும்பின் கதை பலரும் நினைப்பதற்கு நேர்மாறானது. இரும்பு உருக 1538 டிகிரி வேண்டும். மரக்கரியை நிரப்பித் துருத்தியால் ஊதும் பழைய மண் உலை எட்டுவது ஏறத்தாழ 1200 டிகிரி. அப்படியானால் அந்த வாள்களுக்கு இரும்பு எங்கிருந்து வந்தது? கரி அரைகுறையாக எரியும்போது எழும் கார்பன் மோனாக்சைடு வாயு, தாதுவிலுள்ள ஆக்சிஜனைப் பறித்துக்கொள்கிறது. எஞ்சிய இரும்பணுக்கள் திண்மமாகவே சேர்ந்து, கடற்பஞ்சு போன்ற கட்டியாகின்றன. உருகி ஓடுவது இரும்பல்ல, தாதுவிலிருந்த கல்லும் மண்ணும்தான். அதுவே ஆறிக் கிட்டமாகிறது. கட்டியைச் செந்தணலில் காய்ச்சி அடித்து, உள்ளே சிக்கிய கிட்டத்தை வெளியேற்றினால்தான் வேலைக்கு ஆகும் இரும்பு கிடைக்கும். அதே ஆற்றுப் படுகையைச் சேர்ந்த சிவகளையில் தமிழ்நாடு தொல்லியல் துறை நடத்திய அகழாய்வின் மாதிரிகள், இரும்புப் பயன்பாட்டைப் பொ.ஆ.மு. 3345 வரை பின்னுக்குக் கொண்டுபோவதாக 2025 ஜனவரியில் வெளியான ‘இரும்பின் தொன்மை’ அறிக்கை கூறுகிறது. அந்தக் காலக்கணக்கு பற்றி ஆய்வாளரிடையே விவாதம் நடக்கிறது.

இவற்றுள் மிக நுட்பமானது வெண்கலம். ஆதிச்சநல்லூரின் மெல்லிய கிண்ணங்களை ஆராய்ந்த உலோகவியல் அறிஞர் சாரதா சீனிவாசன், அவற்றில் வெள்ளீயம் ஏறத்தாழ 23 சதவீதம் இருப்பதைக் காட்டினார். ஆற்றின் பெயரிலேயே தாமிரம் இருக்கலாம்; வெள்ளீயமோ வணிகத்தில் வந்த சரக்கு. செம்பு தனியே உருக 1085 டிகிரி தேவை. இந்தக் கலவை 800ஐ ஒட்டியே இளகத் தொடங்கும். வார்ப்பவருக்கு அது வசதி. அடித்துத் தகடாக்க நினைப்பவருக்கோ தொல்லை. இவ்வளவு வெள்ளீயம் சேர்ந்த வெண்கலத்தை மெல்ல ஆறவிட்டால், வெள்ளீயம் மிகுந்த கடினமான சேர்மம் ஒன்று உள்ளே பிரிந்து நிற்கும். சுத்தியல் பட்டதும் கண்ணாடிபோல் உடையும். ஆனால் ஏறக்குறைய 586 டிகிரிக்கும் 798க்கும் நடுவே அணுக்கள் வேறொரு வரிசையில் அடுக்கப்பட்டிருக்கும். அப்போது உலோகம் திண்மம்தான். எனினும் அடிக்கு இசைந்து விரியும். வெப்பமானி இல்லாத கொல்லர் இந்த இடைவெளியைக் கண்டது தணலில் கிடக்கும் உலோகத்தின் சிவப்பில்தான். நிறம் மங்கினால் மறுபடி உலையில் வைக்க வேண்டும். மிகவும் ஒளிர்ந்தால் உலோகம் இளகிக் கெடும். தட்டி முடித்ததும் சிவக்கச் சிவக்கத் தண்ணீரில் தோய்ப்பார்கள். இடம் மாற அவகாசம் கிடைக்காத அணுக்கள் பழைய வரிசைக்குப் பிரிந்து போகாமல் உறைந்துவிடும். இதனால் கிண்ணம் எளிதில் உடையாது. தட்டினால் மணிபோல் ஒலிக்கவும் செய்யும். கேரளத்தில் இதே முறையில் கலம் செய்யும் கைவினைஞர்களை 1990களில் சாரதா சீனிவாசன் நேரில் கண்டு பதிவு செய்திருக்கிறார்.

சுண்ணாம்பு சுடும் காளவாசலில் நடப்பது இன்னொரு வகை. கிளிஞ்சலோ சுண்ணாம்புக்கல்லோ 900 டிகிரி அளவில் உருகாமலே கார்பன் டை ஆக்சைடை வெளிவிட்டு, எடையில் 44 சதவீதம் வரை இழக்கிறது. பார்ப்பதற்குக் கல் அப்படியே இருக்கும், கையில் எடுத்தால்தான் கனம் குறைந்தது தெரியும். பதநீர்க் கலயத்தின் உட்புறம் தடவும் சுண்ணாம்பு இப்படிப் பிறந்ததே.

திருநெல்வேலியை அடுத்த தாழையூத்தில் 1949இல் இந்தியா சிமெண்ட்ஸ் தன் முதல் ஆலையைத் தொடங்கியபோது, காளவாசலின் வேலை சுழலும் சூளைக்குள் போயிற்று. சாய்வாகச் சுழலும் நீண்ட இரும்பு உருளைக்குள் சுண்ணாம்புக்கல்லும் களிமண்ணும் கலந்த கலவை இறங்கும். முதலில் ஈரம் போகும். அடுத்து வாயு போகும். 1450 டிகிரியை நெருங்கும்போது கலவையில் ஏறத்தாழ கால் பங்கு மட்டும் உருகும். அந்தத் திரவத்தின் வழியே அணுக்கள் நகர்ந்து, சிமெண்டுக்கு வலுவூட்டும் கால்சியம் சிலிகேட் படிகங்கள் உருவாகின்றன. முழுவதும் உருகினால் சூளையே அடைபட்டுவிடும். உருகாமலே இருந்தால் சேர்க்கை நடக்காது. வெளியே வரும் உருண்டைகளே கிளிங்கர். மெல்ல ஆறினால் அந்தப் படிகங்கள் சிதைந்து வலுக் குறையும் என்பதால், சூளையை விட்டதுமே பலத்த காற்றை அடித்து அவற்றைக் குளிரவைக்கிறார்கள். அதன் பிறகே ஜிப்சம் சேர்த்து அரைத்துச் சிமெண்டாக்குகிறார்கள்.