தொட்டி மட்டும் போதாது

ஆரணியின் சாயப்பட்டறைகளில் பசை போக்கிய பட்டுக் கழிகளைக் கோலில் மாட்டி, கொதிக்கும் சாயத்தில் திருப்பித் திருப்பி முக்கி எடுப்பார்கள். இப்படி ஒரு பட்டறை ஆயிரம் ஆண்டு மண்ணுக்குள் கிடந்தால் என்ன மிஞ்சும்? தொட்டியும் வாய்க்காலும் மிஞ்சும். நூலும் நிறமும் மக்கிப் போகும்.

புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் 1945-ல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அப்படித்தான் செங்கல் தொட்டிகளைக் கண்டார். தண்ணீர் வர ஒரு வழியும் போக ஒரு வழியுமாக, சுற்றுச்சுவருக்குள் அவை இருந்தன. கூடவே ரோமானிய மதுச் சாடிகளும், இத்தாலியின் அரெஸ்ஸோ ஊர்ச் சிவப்பு மட்கல ஓடுகளும் கிடைத்தன. பிரிட்டனில் வெருலேமியம் என்ற ரோமானிய நகரைத் தோண்டியவர் வீலர்; ரோமானிய மட்கலம் அவருக்குப் புதிதல்ல. அரெஸ்ஸோ ஓடுகளின் காலம் ஐரோப்பாவில் முன்பே கணிக்கப்பட்டிருந்தது. அதைக் கொண்டு இந்த மண்ணடுக்குகளைக் கி.பி. முதல் நூற்றாண்டில் வைத்தார். தொட்டிகளில் மஸ்லின் துணிக்குச் சாயம் போட்டிருக்கலாம் என்றும் கருதினார்.

இங்கேதான் நிதானம் வேண்டும். இங்கிலாந்தின் குளோஸ்டர்ஷயரில், 1864-ல் வெளிப்பட்ட செட்வொர்த் ரோமானியப் பண்ணை மாளிகையிலும் தொட்டிகள் உண்டு. அங்கே துணி வெளுத்துப் பதப்படுத்தும் பட்டறை நடந்தது என்று ஒரு காலத்தில் எழுதினார்கள். அது குளியல் கூடம் என்பது பின்னாளில் தெளிவானது. தொட்டி ஒன்றுதான், தொழில் வேறு.

அரிக்கமேட்டிலும் 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி குழுவினர் மறுபடி தோண்டினார்கள். வீலர் நினைத்ததைவிட அந்த ஊரின் வாழ்வு நீண்டது என்று அவர்கள் காட்டினார்கள். தமிழகத் துணி கடல் கடந்ததில் ஐயமில்லை. உறையூர்ப் பக்கத்து மஸ்லினைக் கிரேக்க வணிகக் கையேடான பெரிப்ளஸே குறிப்பிடுகிறது. அரிக்கமேட்டுத் தொட்டியில் சாயம்தான் இருந்தது என்று அடித்துச் சொல்ல மட்டும், தொட்டியின் அமைப்பு போதாது. அதன் அடிமண்ணில் சாயத்தின் தடயம் வேண்டும்.

ஆரணிக்கு அந்தச் சிக்கல் இல்லை. சாயம் போடுகிறவரும், பாவு ஓட்டுகிறவரும், தறியில் உட்காருகிறவரும் இன்றும் நம்மோடு இருக்கிறார்கள். எந்தத் தொட்டியில் என்ன வேலை, எந்த நிறத்துக்கு எவ்வளவு நேரம் என்பது அவர்களுக்குக் கைப்பாடம். ஆரணிப் பள்ளி, கல்லூரி ஆசிரியர்களே, உங்கள் மாணவர்களை அந்தப் பட்டறைகளுக்கு அழைத்துச் செல்லுங்கள். கேட்டு, படம் எடுத்து, எழுதி வைக்கச் சொல்லுங்கள்.