பள்ளிக்கூடம் போகாத துப்பறியும் நாவலாசிரியை

மர்மக் கதை என்றால் எங்கள் வத்தளை, மாபோளைப் பக்கத்து வீடுகளில் இன்னும் மதிப்புக் குறைவுதான். பாடப் புத்தகத்துக்குள் கதைப் புத்தகத்தை ஒளித்து வாசிக்கும் பிள்ளைகளை நாங்கள் எல்லா வகுப்பிலும் கண்டிருக்கிறோம். பொம்புளைப் பிள்ளை என்றால் ஏச்சு ரெட்டிப்பு. ஏசுகிற உம்மாமாரும் வாப்பாமாரும் வாசிக்கட்டும் என்றுதான் இன்றைக்குக் கொஞ்சம் நீளமாக எழுதுகிறோம்.

தமிழ் நாவல் பிறந்த காலத்திலேயே மர்மமும் கூடப் பிறந்துவிட்டது. நமது அறிஞர் சித்திலெப்பை 1885இல் எழுதிய 'அசன்பேயுடைய சரித்திரம்' களவு போன ஒரு பிள்ளையின் கதை அல்லவா? அதற்குப் பிறகு ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார் என்று துப்பறியும் கதைக்காரர்கள் வந்தார்கள். எல்லோரும் ஆண்கள். அந்த வரிசைக்குள் முதலில் நுழைந்த பெண் என்று சொல்லப்படுபவர் வை.மு. கோதைநாயகி அம்மாள்.

சென்னையில் 1901இல் பிறந்தவர். சின்னக் குழந்தையாக இருக்கும்போதே தாயை இழந்தார். ஐந்தரை வயதில் கல்யாணம். பள்ளிக்கூட வாசலை மிதித்ததே இல்லை. ஆனால் கதை சொல்வதில் கெட்டிக்காரி. வீட்டுப் பிள்ளைகளைச் சுற்றி உட்கார வைத்துக்கொண்டு சொந்தமாகக் கட்டிக் கட்டிச் சொல்வாராம். புருஷன் பார்த்தசாரதி அவரை நாடகம் பார்க்கக் கூட்டிப்போனார். பார்த்த நாடகங்கள் மனசுக்குள் கிடந்து ஊறி, தானும் ஒன்று செய்தால் என்ன என்ற எண்ணம் வந்தது. எழுதத்தான் தெரியாது. வாயால் சொல்லச் சொல்ல, தோழி பட்டம்மாள் எழுதிக் கொடுத்தார். 'இந்திர மோகனா' என்ற அந்த நாடகம் 1924இல் அச்சாகியது. பிறகு அதே தோழியிடம் எழுத்தும் கற்றுக்கொண்டார்.

ஆசிரியர்களான எங்களை இந்த இடம் கொஞ்சம் உறுத்துகிறது. எழுத்துப் பிழைக்குச் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டே பழகிவிட்டோம். கதை கட்டத் தெரிந்த பிள்ளையை எந்தப் பேனாவால் அடையாளம் காண்பது?

அடுத்து வந்தது 'வைதேகி', அவரது முதல் நாவல். துப்பறியும் கதை. 1925இல் 'ஜகன்மோகினி' என்ற பத்திரிகையை வாங்கித் தானே ஆசிரியையாக உட்கார்ந்தார். அடுத்த மாதம் என்ன நடக்குமோ என்று வாசகரைத் தவிக்க விடுவது மர்மக் கதைக்குக் கைவந்த கலை. மாசாமாசம் விற்க வேண்டிய பத்திரிகைக்கு அதைவிட என்ன வேண்டும்? இங்கிலாந்தில் அகதா கிறிஸ்டியின் முதல் நாவல் வந்து அப்போது ஐந்து வருஷம்தான். அவர் பதிப்பகத்துக்கு எழுதினார். நம்மவரோ எழுதி, பத்திரிகை நடத்தி, கணக்கும் பார்த்தார்.

வசை இல்லாமலா? பொம்புளைக்கு எதற்கு இந்த வேலை என்ற பேச்சு தாராளமாக வந்தது. அவர் நிறுத்தவில்லை. முப்பது வருஷத்துக்கும் மேல் பத்திரிகை நடந்தது. மொத்தம் 115 நாவல்கள். எல்லாம் துப்பறியும் கதைகள் அல்ல. போகப் போகக் குடும்பக் கதைகள், விதவை மறுமணம், குடியின் கேடு என்று திரும்பிவிட்டார். உண்மையைச் சொன்னால், அவரது கதைகளில் உபதேசம் கொஞ்சம் தூக்கல். பாத்திரங்கள் பக்கக்கணக்கில் பேசிக்கொண்டே இருப்பார்கள். வாயால் கதை சொல்லிப் பழகியவர் வேறெப்படி எழுதுவார் என்றும் எங்களுக்குத் தோன்றுகிறது. அதனால்தானோ என்னவோ இலக்கிய வரலாறு எழுதியவர்களில் பலர் அவரை இரண்டு வரியில் தாண்டிவிடுகிறார்கள். அடுப்படியில் இருந்த எத்தனையோ பெண்களுக்கு வாசிப்புப் பழக்கம் வந்ததே இந்த மாதிரிக் கதைகளால்தான் என்பதை யார் கணக்கில் எடுத்தார்கள்?

காந்தியைச் சந்தித்த பிறகு பட்டையும் நகையையும் விட்டுக் கதருக்கு மாறினார். கள்ளுக்கடை மறியலில் பிடிபட்டுச் சிறைக்கும் போனார். அங்கேயும் எழுதினார்.

அதே காலத்தில் நாகூரில் இன்னொரு பெண். மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றுபோன சித்தி ஜுனைதா பேகம். 1938இல் 'காதலா? கடமையா?' நாவலை வெளியிட்டார். அதற்கு முன்னுரை எழுதியவர் உ.வே. சாமிநாதையர்! ஜுனைதா பேகத்தைப் பற்றித் தனியாக ஒரு பதிவே போட வேண்டும், இன்ஷா அல்லாஹ்.

கோதைநாயகியின் ஒரே மகன் 1956இல் இறந்தார். அந்த அடியிலிருந்து அவர் எழும்பவில்லை. 1960இல் காலமானார். ஆறு வருஷம் கழித்து, பத்மினியும் எம்.ஆர். ராதாவும் நடித்த 'சித்தி' படம் வந்தது. நம் வீட்டு மூத்தவர்களில் அதைப் பார்க்காதவர்கள் குறைவு. அது அவருடைய 'தயாநிதி' நாவல்தான் என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

உங்கள் உம்மம்மாவின் பெட்டியில் பழைய 'ஜகன்மோகினி' கட்டு ஏதாவது கிடந்தால், பழைய பேப்பர்காரனுக்குப் போட முதல் எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். வந்து பார்த்துவிட்டுப் பத்திரமாகத் திருப்பித் தருவோம்.