லூணி ஆறும் வன்னி மரமும்

தமிழராகிய நாம் குடிபுகுந்த மார்வார்ப் பாலையின் பேராறு லூணி. அஜ்மீரை அடுத்த ஆரவல்லி மலையில் தோன்றிக் கட்ச் உவர்நிலத்தில் மறைவது. பாலோத்ரா வரை நன்னீர், அதற்கப்பால் உவர்நீர். மழைக்காலத்தில் மட்டும் ஓடும் இவ்வாற்றின் மக்களைப் பஞ்சத்திலும் காத்தது, ஆழ வேரூன்றும் கேஜ்ரி மரம். நம் நாட்டுக் கோயில்கள் பலவற்றில் தலமரமாய் நிற்கும் வன்னியே அது.

1730-இல் அரண்மனைப் பணிக்காக அதனை வெட்ட ஆட்கள் வந்தபோது, ஜோத்பூருக்கு அருகே கேஜர்லியில் அமிர்தா தேவி முதலாக 363 பிஷ்னோய் மக்கள் மரங்களைத் தழுவி நின்று உயிர் நீத்தனர். 1913-இல் விறகுக்கும் மணலை அடக்கவும் சீமைக்கருவேலம் கொணரப்பட்டது. இன்று அது மேய்ச்சல் நிலங்களை விழுங்கிப் பரவியுள்ளது. பாலி, பாலோத்ரா நகரங்களின் சாயக்கழிவோ ஆற்றையும் கிணறுகளையும் கெடுத்தது. உப்பு இயற்கை இட்டது; நஞ்சு மனிதன் இட்டது.

அயலிலிருந்து வந்த நாமும் இம்மண்ணுக்குச் சீமைக்கருவேலமாகாது, வன்னியாய் நிற்போமாக!