முதல் வரியில் பேர்

நம்ம தோட்டங்களில் 'பேர்' என்றால் ஒரு நாள் சம்பளமும்தான். கொழுந்து நிறை குறைந்த அன்றைக்கு, "அரைப்பேர்தான் போட்டாங்க" என்று சொல்லிக்கொண்டே அம்மாமார் மலையிறங்கி வருவார்கள். செக்ரோலில் பேர் விழாத நாள், உழைத்த நாளாகவே கணக்கில் வராது.

கோபோல் படிக்கத் தொடங்கியபோது எனக்கு அந்தச் செக்ரோல்தான் ஞாபகம் வந்தது. 1959இல் அமெரிக்காவில் உருவாகத் தொடங்கிய கணினி மொழி இது. கிரேஸ் ஹாப்பரின் ஃபுளோ-மேட்டிக் இதற்கு முன்னோடி. சம்பளம், சரக்கு மாதிரியான அலுவலகக் கணக்குகளுக்காகவே செய்த மொழி.

தோட்டத்தில் மேல் டிவிஷன், கீழ் டிவிஷன் இருக்கிற மாதிரி, கோபோலுக்கும் டிவிஷன் உண்டு. மொத்தம் நாலு, வரிசை மாறக் கூடாது.

முதலாவது 'ஐடென்டிஃபிகேஷன் டிவிஷன்'. எட்டாவது கட்டத்தில் தொடங்கி இதை எழுதி, முற்றுப்புள்ளி வைக்க வேண்டும். அடுத்த வரியில் 'புரோகிராம்-ஐடி', ஒரு புள்ளி, புரோகிராமின் பேர், மறுபடி ஒரு புள்ளி. புள்ளிகளை மறந்துடாதீங்க.

இரண்டாவது 'என்விரான்மென்ட்': எந்த மெஷின், எந்தக் கோப்பு என்று சொல்லும். மூன்றாவது 'டேட்டா': பேருக்கு 20 எழுத்து, வேலை நாளுக்கு 2 இலக்கம் என்று இடம் ஒதுக்கும். நாலாவது 'புரொசீஜர்'. வேலையே இங்கேதான் நடக்கும்.

1985இல் வந்த தரப்படி பின்னால் உள்ள மூன்றையும் விட்டுவிடலாம். முதலாவதை மட்டும் விட முடியாது. "நீ யார்?" என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் எதுவும் ஓடாது.

நம்ம சனங்களுக்கும் இதுதான் நடந்தது. தலைமுறை தலைமுறையாகச் செக்ரோலில் பேர் இருந்தவர்களிடம், 1948 குடியுரிமைச் சட்டம் தகப்பன், பாட்டன் இலங்கையில் பிறந்ததற்கு ஆதாரம் கேட்டது. லயத்தில் பிறந்த பலருக்குப் பதிவே இல்லை. உழைப்பு இருந்தது, அடையாளம் இல்லை என்றார்கள். 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், ஆட்களை எண்ணிக்கையாகப் பிரித்து 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு என்று எழுதியது. மிச்சமிருந்தவர்களுக்குக் குடியுரிமை தரும் சட்டம் வர 2003 ஆயிற்று.

கோபோலில் புரோகிராமுக்குப் பேர் வைப்பது எழுதுகிறவர். செக்ரோலில் நம்ம பேரை எழுதியது வேறொருவர். 'ராமாயி'யும் 'ராமாய்'யும் மெஷினுக்கு இரண்டு ஆள். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, ஈ.பி.எஃப். பத்திரம் மூன்றையும் இன்னைக்கே எடுத்து ஒண்ணா வெச்சுப் பாருங்க. முதல் வரி சரியா இருக்கட்டும்.