அழிந்தது 64 பைட்தான்

பழைய கம்ப்யூட்டரில் விண்டோஸோ லினக்ஸோ புதிதாகப் போடுவதற்கு முன்னால், இருக்கிற பார்ட்டிஷன்களை நீக்கிவிட்டு மறுபடி பிரிப்பது வழக்கம். முடிந்ததும் "டிஸ்க்கை சுத்தமா துடைச்சாச்சு" என்போம். அந்தக் காலத்து முறைப்படி பிரித்த ஹார்ட் டிஸ்க் என்றால், நீக்கும் வேலை பெரும்பாலும் தொட்டுப் போவது ஒரு 64 பைட் பட்டியலைத்தான்.

அந்தப் பட்டியல் 1983 மார்ச்சில் ஐபிஎம் பிசி எக்ஸ்டியோடு வந்தது. உள்ளே 10 எம்பி ஹார்ட் டிஸ்க், கூடவே டாஸ் 2.0, அதில் எஃப்டிஸ்க் என்ற கருவி. ஒரே டிஸ்க்கில் டாஸோடு வேறு இயங்குதளங்களும் ஒண்டுக்குடித்தனம் நடத்தலாம் என்பது அன்றைய யோசனை. டிஸ்க்கின் முதல் செக்டார் 512 பைட். அதில் 446 பைட் கணினியைக் கிளப்பிவிடும் சின்ன நிரலுக்கு. கடைசி 2 பைட் அடையாள முத்திரை. நடுவில் நாலே வரி, வரிக்கு 16 பைட். பாகம் எங்கே தொடங்குகிறது, எத்தனை செக்டார், என்ன வகை. அவ்வளவுதான் விஷயம். (செக்டார் எண்ணிக்கைக்கு 32 பிட் ஒதுக்கியதால் 2 டெராபைட்டோடு கணக்கு முட்டிக்கொண்டது. அது தனிக் கதை.)

நிலத்துக்குப் பட்டா மாதிரி இது. பட்டாவைக் கிழித்தால் வயலில் நிற்கிற நெல் காணாமல் போகுமா? நீக்கிய பார்ட்டிஷன் தொடங்கிய இடத்தைத் தேடிக் கண்டுபிடித்துப் பட்டியலில் திரும்ப எழுதிவிட்டால், பழைய கோப்புகள் எழுந்து உட்கார்ந்துகொள்ளும்.

"அதுக்கப்புறம் ஃபார்மட் பண்றோமே?" என்று கேட்கலாம். இங்கேதான் ஃப்ளாப்பி காலத்துப் பழக்கம் நம்மை ஏமாற்றியது என்பது என் எண்ணம். ஆரம்பகால டாஸில் ஃப்ளாப்பியை ஃபார்மட் செய்தால் பழைய தகவல் நிஜமாகவே போய்விடும். ஹார்ட் டிஸ்க்கில் அதே கட்டளை, பொதுவாக, கோப்பு அட்டவணையைப் புதிதாக எழுதிவிட்டு மற்ற செக்டார்களைப் படித்து மட்டும் பார்த்தது. ஒரே சொல், வேலை வேறு. முழு ஃபார்மட்டின்போது டிஸ்க் முழுக்க பூஜ்யம் எழுதும் வழக்கம் விண்டோஸ் விஸ்டாவில்தான் வந்தது. குயிக் ஃபார்மட் இன்றைக்கும் அப்படிச் செய்வதில்லை. 500 ஜிபி டிஸ்க்கில் புது இயங்குதளம் 30 ஜிபியை மூடினால், மிச்ச இடத்தில் பழைய சம்பளக் கணக்கும் கல்யாண போட்டோவும் அப்படியேதான் கிடக்கும்.

இதன் விளைவு என்ன என்பதை எம்ஐடியில் இருந்த சிம்சன் கார்ஃபின்கெலும் அபி ஷெலட்டும் காட்டினார்கள். 2000 நவம்பரிலிருந்து 2002 ஆகஸ்ட் வரை 158 பழைய ஹார்ட் டிஸ்க்குகளை விலைக்கு வாங்கினார்கள். வேலை செய்தவை 129. அவற்றில் ஒழுங்காக அழிக்கப்பட்டவை வெறும் 12! மற்றவற்றிலிருந்து கிரெடிட் கார்டு எண்கள், மருத்துவ விவரங்கள், அந்தரங்கக் கடிதங்கள் எல்லாம் கிடைத்தன. ஒரு டிஸ்க் இல்லினாயில் ஏதோ ஏடிஎம் இயந்திரத்தில் இருந்தது போலிருக்கிறது. பணம் எடுத்தவர்களின் கணக்கு எண்கள் அதிலேயே இருந்தன. விற்றவர்களில் பலர் அழிக்க முயன்றவர்கள்தான்.

எதிர்ப்பக்கத்து மூடநம்பிக்கையும் உண்டு. பீட்டர் குட்மன் 1996-ல் எழுதிய கட்டுரையைப் பிடித்துக்கொண்டு 35 முறை மேலெழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த 35, பலவகைப் பழைய டிஸ்க்குகளுக்கான முறைகளை ஒன்றாகச் சேர்த்த கணக்கு. எல்லாவற்றையும் ஒரே டிஸ்க்கில் ஓட்டுவதில் அர்த்தமில்லை என்று அவரே பின்னால் எழுதினார். 2001-க்குப் பிறகு தயாரான, 15 ஜிபிக்கு மேற்பட்ட டிஸ்க்குகளுக்கு ஒரு முறை மேலெழுதுவதே பெரும்பாலும் போதும் என்று அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனம் 2006-ல் சொல்லிவிட்டது.

ஆக, பிரிப்பதற்கு முன்னால் முழு டிஸ்க்கிலும் ஒரு தடவை பூஜ்யம் எழுதிவிடுங்க. சில மணி நேரம் பிடிக்கும், ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கலாம். எஸ்எஸ்டி என்றால் இது செல்லாது: அது எழுதும் இடத்தைத் தானே மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளும். அதற்குள்ளேயே இருக்கும் அழிப்புக் கட்டளையைத்தான் பயன்படுத்த வேண்டும்.