துருக்கித் தொப்பியின் கதை

கற்பிட்டிக் குடாநாட்டின் மாம்புரிக் கரையில் கடற்றொழில் செய்பவனின் உடை சாரம். வெயிலுக்குத் தலையில் ஒரு துண்டு. தொழுகை வேளையில் அங்குள்ள முஸ்லிமின் தலையில் வெள்ளைத் தொப்பி ஏறும். ஆனால், கருங்குஞ்சம் தொங்கும் சிவப்புத் துருக்கித் தொப்பியை அன்றாட வாழ்விலே காண்பதரிது. ஒரு சமூகமே மானப் பிரச்சினையாகக் கொண்டு போராடிய தொப்பி அது!

அதன் பரவல் மார்க்கத்தாலன்று, அரச ஆணையாலாகும். 1829இல் துருக்கிச் சுல்தான் இரண்டாம் மஹ்மூத், தலைப்பாகையை நீக்கி அதனைத் தம் அதிகாரிகளுக்கு விதித்தார். பிரித்தானியரை எதிர்த்துத் தோற்ற எகிப்தியத் தலைவர் ஒராபி பாஷா 1883இல் இலங்கைக்கு நாடு கடத்தப்பட்டார். அவரையும் அவருடைய தோழர்களையும் கண்டு, நகரத்து வணிகரும் கற்றோரும் அத்தொப்பியைப் பெரிதும் விரும்பி அணிந்தனர். அந்நிய ஆட்சிக்குப் பணியாத தலையின் அடையாளமாக அது அவர்களுக்குத் தோன்றியிருத்தல் வேண்டும்.

1905இல் வழக்கறிஞர் எம். சி. அப்துல் காதர் அத்தொப்பியுடன் வாதாடுவதற்கு உயர் நீதிமன்றம் தடை விதித்தது. அவ்வாண்டு டிசம்பர் 31ஆம் நாள் மருதானைப் பள்ளிவாசல் வளவில் பெருந்திரளானோர் கூடிக் கண்டனம் எழுப்பினர். இறுதியில் அவ்வுரிமை ஏற்கப்பட்டது.

ஆனால், வரலாறு எவருக்காகவும் காத்திருப்பதில்லை. 1922இல் சுல்தான் ஆட்சி ஒழிந்தது. 1925இல் முஸ்தபா கமால், துருக்கியிலேயே அத்தொப்பியைச் சட்டத்தால் தடுத்தார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் மேல்நாட்டிலும் தொப்பிப் பழக்கம் தளர்ந்தது. இலங்கையிலோ, 1956இல் ஆட்சிக்கு வந்த பண்டாரநாயக்கா வெள்ளைத் தேசிய உடையைத் தம் அரசியலின் சின்னமாக்கினார். கனவானின் இலக்கணம் மாறியது. துருக்கித் தொப்பியும் மெல்ல மெல்ல விழாக்கால உடையாய்ச் சுருங்கியது.

ஒன்றை நாம் கருத வேண்டும். ஆணையிட்டு அணிவித்தாலும், ஆணையிட்டுக் கழற்றினாலும், மனிதனின் தலைமீது அதிகாரம் கை வைப்பது ஒன்றே. ஆகவே 1905ஆம் ஆண்டின் போராட்டம் நியாயமானது. எனினும், நீதிமன்றத்தில் வாதாடும் தகுதி பெற்றவனுக்கே அவ்வெற்றி நேரடியாகப் பயன்பட்டது. சாரம் உடுத்த உழைப்பாளி அன்று அம்மன்றத்தின் எப்பக்கம் நின்றிருப்பான்?

தொப்பி மறைந்ததற்காக நாம் இரங்க வேண்டியதில்லை. உடையைக் கொண்டு மனிதனை மதிக்கும் வழக்கம் மறைந்ததா என்பதே வினா. மாம்புரி மீனவன் தன் சாரத்துடனேயே அரசாங்கக் கந்தோருக்குள் நுழைந்து, கூசாமல் தன் குறையைக் கூறி, மரியாதையான மறுமொழி பெறும் நாளில்தான் மருதானையில் எழுந்த அக்குரல் முழு வெற்றி பெறும்.